வீட்டில் செய்த ஆர்கேட் ஸ்டிக்: மூன்று மாரி கடந்த பிறகு

ஆர்கேட் ஸ்டிக் என்பது லிவரும் பட்டன்களும் பெட்டியில் பொருத்திய வீடியோ கேம் கண்ட்ரோலர். மூன்று வருடப் பாவனையில் என்னுடையதில் சன்வா கம்பனியின் ஜே.எல்.எஃப் லிவரும் ஓ.பி.எஸ்.எஃப்-30 பட்டன்கள் எட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. தொல்லை முழுக்கப் பெட்டியாலும், எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான கிரவுண்ட் வயராலும் வந்ததுதான்.

யாழ்ப்பாண மாரிக்கு எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். அறுத்த விளிம்பு ஈரத்தை உறிஞ்சி, தண்ணியில் நனைந்த பாண் மாதிரி ஊதும். பிறகு அதில் ஸ்குரூ பிடிக்காது. சட்டத்துக்கு 12 மி.மீ ஒட்டுப்பலகை நல்லது. அறுத்த பக்கங்களுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம். ஆனால் பட்டனின் பக்கக் கொழுவிகள் அவ்வளவு தடிப்பில் பிடிக்காது. மேல்முகத்துக்கு 3 மி.மீ அலுமினியத் தகடு போட்டு, பட்டனுக்கு 30, லிவர் தண்டுக்கு 24 மி.மீ துளை போடுங்கள். பட்டன்களின் மையத்துக்கு மையம் 36 மி.மீ விட்டால் கைக்குச் சுகம்.

மூளைக்கு ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு மின்னணுப் பலகை. அதிலுள்ள பூட்செல் பட்டனை அழுத்தியபடி கம்ப்யூட்டரில் யூ.எஸ்.பி செருகினால் டிரைவ் ஒன்று தெரியும், ஸ்டிக்கை இயக்கும் மென்பொருளான ஜி.பி.2040-சி.ஈ-யின் கோப்பை அதில் போட்டால் சரி. பிறகு வயர்களைப் பிக்கோவின் கால்களில் (இணைப்பு முனைகளில்) கொடுங்கள்: லிவரின் மேல் திசைக்கு ஜி.பி 2, கீழ் 3, வலம் 4, இடம் 5. எட்டுப் பட்டன்களும் 6 முதல் 13 வரை. பலர் பிழைவிடுவது இங்கேதான்: ஜி.பி இலக்கமும் பலகையில் கால்களை எண்ணும் வரிசையும் ஒன்றல்ல. ஜி.பி 2 நான்காவது கால்.

இனி கிரவுண்ட். பட்டனுக்குப் பட்டன் தொடராக இழுத்தால், ஐந்தாவதின் கவ்வியில் (பட்டனின் காலில் செருகும் வயர் முனை) வயர் அறுந்தால் ஆறு, ஏழு, எட்டும் சேர்ந்து செத்துவிடும். தொடரின் கடைசி முனையையும் பிக்கோவின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக்குங்கள். ஒரு இடம் அறுந்தாலும் மற்றப் பக்கத்தால் ஓடும். கவ்வி 2.8 மி.மீ அளவாக இருக்க வேண்டும். வாகன வயரிங்குக்கு விற்கும் 6.3 மி.மீ கவ்வி இதற்குத் துளியும் பொருந்தாது. கவ்வி கிடைக்கவில்லை என்று பட்டனின் காலிலேயே ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி சுவிட்ச் சிக்கும். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், அதனால் வெள்ளீயம் பூசிய கவ்வியே எடுங்கள்.

லிவர் கிரீச்சிட்டால் டபிள்யூ.டி-40 அடிக்க வேண்டாம். தண்டின் அடியில் அதைப் பிடித்திருக்கும் சிறு உலோக வளையமான ஈ-கிளிப்பைத் துணியால் மூடிக்கொண்டு தட்டைத் திருப்புளியால் நெம்புங்கள். மூடாவிட்டால் தெறித்துப்போய் அலுமாரிக்கு அடியில் தேட வேண்டிவரும். பழைய கிரீஸைத் துடைத்து, சுழலும் கோளத்தில் சிலிக்கன் கிரீஸ் ஒரு அரிசியளவு பூசினால் போதும்.