ஒட்டுக்கட்டிய தக்காளியும் கத்தரியும்: பல பருவங்கள் வளர்த்துப் பார்த்த பிறகு

பாக்டீரியா வாடல் நோய் உள்ள மண்ணில் தக்காளி போட்டவர்களுக்கு இது பழகிய காட்சி. பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடி, இலையின் பச்சை மாறாமலே மதியத்தில் துவளும். மாலையில் கொஞ்சம் நிமிரும். சில நாளில் மொத்தமாகச் சாய்ந்துவிடும். அடித்தண்டை வெட்டி, வெட்டுவாய் மட்டும் நனைகிற மாதிரி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால், சில நிமிடங்களில் வெண்மையான இழை ஒன்று கீழே இறங்கும். தண்டுக்குள் பெருகி நீரோட்டத்தை அடைத்த பாக்டீரியாதான் அது. அதன் பிறகு எந்த மருந்தைத் தெளித்தும் பயனில்லை.

நான் ஒட்டு நாற்றுக்கு மாறியது இதனால்தான். தக்காளியைக் கத்தரி வேரிலும், கத்தரியைச் சுண்டை வேரிலும் ஒட்டிப் பல பருவங்களாக வளர்த்து வருகிறேன். வாடல் உள்ள நிலத்துக்கு இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.

முறை ஒன்றும் புதிதல்ல. 1920களிலேயே ஜப்பானிலும் கொரியாவிலும் தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். அங்கே காரணம் மண்ணில் உள்ள பூஞ்சையால் வரும் ஃபியூசேரியம் வாடல்.

தக்காளிக்கு வேர்ச்செடியாக, அதாவது அடியில் வேர் தரும் செடியாக, உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கும் ஈஜி 203 என்ற கத்தரி ரகத்தைப் பயன்படுத்துகிறேன். பாக்டீரியா வாடலை மட்டுமல்ல, வேரில் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவையும் இது தாங்கும். ஆனால் எனக்கு இதன் பெரிய பலன் மழைக்காலத்தில்தான் தெரிந்தது. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் தக்காளி வேர் சீக்கிரமே மூச்சுமுட்டிப் போகும்; கத்தரி வேர் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஒரே பாத்தியில் ஒட்டாத செடிகள் மஞ்சளாகிச் சரிந்தபோது, ஒட்டுச் செடிகள் பூ உதிர்த்தாலும் மறுபடி துளிர்த்துக் காய்த்தன.

ஒட்டுகிற நாளில் இரண்டு நாற்றுக்கும் தண்டு ஒரே கனத்தில், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி விதைப்பைப் பிரித்துச் செய்ய வேண்டும். கத்தரி மெதுவாக வளரும், அதனால் தக்காளிக்குச் சில நாள் முன்பே விதைத்துவிடுவேன். சுண்டைக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரே சீராக முளைக்காது, மேலே ஒட்டும் கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே போட்டாக வேண்டும்.

வெட்டுவது எளிது. கூரான பிளேடால் இரண்டு தண்டையும் 45 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பில் வெட்டி, வேர்ச்செடியின் அடிப்பகுதியில் மற்றதன் மேல்பகுதியை முகத்தோடு முகம் பொருத்தி கிளிப் மாட்டினால் முடிந்தது. பிளேடை அடிக்கடி மாற்றுங்கள்; தக்காளி மொசைக் வைரஸ் சாறு வழியாகவே ஒரு நாற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்.

உண்மையான வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மேல்தண்டுக்கு அப்போது வேர் கிடையாது, இலையிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பாலிதீன் மூடிய கூண்டுக்குள் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டும். 25 முதல் 28 டிகிரி வெப்பம் போதும். முதல் இரண்டு நாள் இருட்டு, அப்புறம் மெல்லிய வெளிச்சம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று. கூண்டின் பக்கங்களிலும் தரையிலும்தான் தண்ணீர் தெளிப்பேன், நாற்றின் மேல் அல்ல. ஒட்டுவாயில் சொட்டு நின்றால் அழுகிவிடும். ஏழு முதல் பத்து நாளில், மூடியைத் திறந்து வைத்தும் காலையில் இலை துவளாமல் நிமிர்ந்து நின்றால் ஒட்டு பிடித்துவிட்டது.

நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தக்காளித் தண்டு மண்ணைத் தொட்டால் உடனே சொந்த வேர் விடும். நோய் அந்த வேர் வழியாக நேரே ஏறிவிடும், ஒட்டியதற்கே பொருளில்லாமல் போகும். மண் அணைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வேர்ச்செடியிலிருந்து வரும் பக்கத்துளிரையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. கத்தரி வேரில் தக்காளியின் வேகம் சற்றுக் குறைகிறது. நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறி இறங்கினால் காயின் நுனி கறுத்து அழுகுவது, ஒட்டாத செடியைவிட இதில் அதிகம். சொட்டுநீர் இருந்தால் சமாளிக்கலாம். இலைக்கு வரும் நோய்களுக்கு ஒட்டு எந்தப் பாதுகாப்பும் தராது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரஸ் ஒட்டுச் செடியையும் அதே மாதிரி தாக்கும். மண் சுத்தமாக இருக்கும் பாத்தியில் விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே சாதாரண நாற்றே போதும் என்பேன்.

சுண்டை வேரில் நிற்கும் கத்தரியின் கதை வேறு. காய்ப்பு தொடங்கத் தாமதமாகும், ஆனால் கவாத்து செய்து உரம் வைத்தால் ஒரு வருடம் தாண்டியும் விடாமல் காய்க்கிறது. பருவ முடிவில் இரண்டு வகைச் செடியையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஒட்டாத கத்தரியின் வேர் முழுக்க நூற்புழு முடிச்சு. சுண்டை வேர் தடித்து, முடிச்சே இல்லாமல், பிடுங்கக் கடப்பாரை கேட்டது.

மிளகாயையும் இப்படிக் கத்தரியில் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே குடும்பம்தான், ஆனாலும் ஒட்டு சரியாகச் சேராது. மிளகாய்க்கு நோய் தாங்கும் இன்னொரு மிளகாய் ரகத்தைத்தான் வேர்ச்செடியாக எடுக்க வேண்டும். அடுத்து அதைத்தான் செய்துபார்க்கப் போகிறேன்.