சின்னக் குசினிக்கு பென்ட்ரி அடிக்க முன் பலகையின் விளிம்பைப் பாருங்கள்

வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், 550 சதுர அடிக்குள் குசினிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று. ஒருவர் அடுப்படியில் நின்றால் மற்றவர் வாசலில்தான் நிற்கலாம். இதை நம்பித்தான் "இடம் மிச்சம் பிடிக்கும் பென்ட்ரி" (சுவரோடு பொருத்தி அடிக்கும் குசினி அலுமாரி) என்று வீடு வீடாக வந்து அளவெடுக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கத்துக் கடையொன்று எங்கள் வீட்டில் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காட்டிய படம் நல்ல வடிவு. சுவர் உச்சி வரை தட்டுகள், சிங்குக்குக் கீழே லாச்சிகள், மூலைக்குள் சுழலும் கூடை, தூள் போத்தல்களுக்கு ஒடுக்கமான இழுவைத் தட்டு. பிளைவூட் என்று சொல்லி அந்த விலைதான் பேசினார்கள், முக்கால்வாசியை முற்பணமாகவும் வாங்கினார்கள். மாரி தொடங்கியதும் சிங்குக்குக் கீழிருந்த பலகை ஊதியது. விளிம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டி கழன்றபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது: மரத்துணுக்கைப் பசை போட்டு அமுக்கிய சிப்போட். தேத்தண்ணிக்குள் விழுந்த விசுக்கோத்து மாதிரி, விரல் பட்டாலே உதிர்கிறது. பிணைச்சல் ஆணிகளுக்குப் பிடிப்பில்லாமல் கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது.

போன் எடுத்துக் கேட்டால், "அக்கா, தண்ணி படாமல் பாவிச்சிருக்க வேணும்" என்கிறார் கடைக்காரர். சிங்குக்குக் கீழே!

அதைவிடக் கோபம் காஸ் சிலிண்டர் விஷயத்தில். 12.5 கிலோ சிலிண்டர் வைக்க ஓர் அறை அடித்து, கதவும் போட்டு, காற்றுப் போக ஒரு துளைகூட விடவில்லை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அடியில்தான் தேங்கும். அதைப் பெட்டிக்குள் அடைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவதா? சிலிண்டரை அன்றைக்கே வெளியில் எடுத்துவிட்டோம்.

செய்விக்கப் போகிறவர்கள் மினுங்கும் முகப்பைப் பார்த்து மயங்காமல், பட்டி ஒட்ட முன் அறுத்த விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். பிளைவூட்டில் அடுக்கடுக்காகத் தெரியும். எம்டிஎப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) என்றால் ஒரே சீராக இருக்கும். துணுக்குத் துணுக்காகத் தெரிந்தால் சிப்போட்தான். பலகையின் பெயரையும் தடிப்பையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். எங்கள் சீட்டில் "பென்ட்ரி வேலை" என்று மட்டும்தான் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்றாலும், கையில் சரியான சீட்டு இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

சிங்குக்குக் கீழே இப்போது மேசன் கட்டித் தந்த சீமெந்துத் தட்டும் அலுமினியக் கதவும். தண்ணிக்கும் பயமில்லை, கறையானுக்கும் பயமில்லை. மேல்தட்டுகளைக் கழற்றவில்லை, ஆனால் அரிசி, மா எதையும் அதில் ஏற்றுவதில்லை. வெங்காயமும் உள்ளியும் மாமியின் பழைய உறியில் தொங்குகின்றன. உண்மையில் அதுதான் இடம் பிடிக்காத சாமான்.

கடைக்காரர் மிச்சக் காசு கேட்டு இன்னும் போன் எடுக்கிறார். ஊதின பலகையை விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறேன். வந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.