"மொத்தம் 16 டெராபைட்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

திருப்பூரில் அலுவலகங்களுக்கு நாஸ் பெட்டி (எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) வைத்துக் கொடுக்கும் ஒருவருடைய கொட்டேஷனை நண்பர் ஒருவர் என்னிடம் காட்டி, விலை நியாயம்தானா என்று கேட்டார். விலையைப் பார்க்கும் முன்பே ஒரு வரி கண்ணில் பட்டது: "4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு வசதியுடன் மொத்தம் 16 டெராபைட்." எங்கள் அலுவலகத்துக்கு வந்த கொட்டேஷனிலும் இதே வரி இருந்தது. ஆளும் அதே ஆள்தான். அந்த ஆளின் பெயரை எழுத வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். எனவே அந்த ஆள் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிக்குள் இருக்கும் பொய். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் முறை; அதில் பல வகை உண்டு. நான்கு 4 டெராபைட் டிஸ்க்கை ரெய்டு 5 முறையில் அமைத்தால் ஒரு டிஸ்க்கின் இடம் பாதுகாப்புக்குப் போய்விடும், மிஞ்சுவது 12. ரெய்டு 6 என்றால் இரண்டு டிஸ்க்கின் இடம் போய் 8 மிஞ்சும். பதினாறும் முழுதாகக் கிடைக்கிறது என்றால் பாதுகாப்புக்கு எதுவுமே ஒதுக்கவில்லை என்று அர்த்தம். அவர் வைத்தது ரெய்டு 0. பெயரில் ரெய்டு இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி நான்கு டிஸ்க்கிலும் பரப்பி வைக்கும் முறை அது. ஒரு டிஸ்க் செத்தால் நான்கும் போய்விடும். டிஸ்க்குகளைத் தனித்தனியாக வைத்திருந்தால்கூடக் கால் பங்கைத்தான் இழந்திருப்போம்.

எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். மெர்சண்டைசர்கள் (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்), சாம்பிள் பிரிவு, கணக்குப் பிரிவு, ஷிப்பிங் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேமிப்பிடம் வேண்டும், பிரிவு வாரியாக அனுமதி வேண்டும், தினமும் பேக்கப் வேண்டும் என்று கேட்டிருந்தோம். கொட்டேஷனில் எல்லாமே இருந்தது. பெட்டியில் இருந்தது ஒரே வால்யூம் (சேமிப்புப் பகுதி), அதில் ஒரே ஃபோல்டர். அதைத் திறக்க, திருத்த, அழிக்க அலுவலகத்தில் எல்லோருக்கும் முழு உரிமை. சாம்பிள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் அளவுப் பட்டியலைத் தேடப் போய்க் காஸ்டிங் ஷீட்டைத் திறந்துவிட்டான். பையருக்கு, அதாவது சரக்கை வாங்குபவருக்கு, சொன்ன விலையும் நமக்கு ஆகும் செலவும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில். சம்பளப் பட்டியலும் அதே ஃபோல்டரில்தான் கிடந்தது.

போன் செய்து கேட்டால், "தனித்தனி யூசர் வைத்தால் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உங்கள் ஆட்கள்தான் தினமும் கூப்பிடுவார்கள் சார்" என்றார். பிரிவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு ஃபோல்டர், யாருக்குப் படிக்க மட்டும், யாருக்கு எழுதவும் உரிமை என்று பிரிப்பது எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு ஒரு பிற்பகல் வேலை. காசு வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்ட வேலை அது. இன்னொன்றையும் விட்டிருந்தார். நெட்வொர்க் ஃபோல்டரில் அழிக்கும் கோப்பு நம் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. நாஸ் பெட்டியிலேயே அதற்கான வசதியை அந்த ஃபோல்டருக்கு இயக்கி வைக்க வேண்டும். ஷிப்பிங் பிரிவில் ஒருவர் கை தவறி அழித்த பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டர் போனது போனதுதான்.

பேக்கப் கதை இதைவிடப் பெரியது. தினமும் இரவு ஓடுவதாகத் திரையில் காட்டினார், உண்மையிலேயே ஓடியது. ஆனால் நகல் போய் விழுந்த இடம் அதே வால்யூமில் இன்னொரு ஃபோல்டர். வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்து, பழைய சாவி தொங்கும் வளையத்திலேயே கோத்துக் கொடுத்த மாதிரி. கொட்டேஷனில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை அவர் கொண்டுவரவே இல்லை; பில்லில் மட்டும் அதற்கு விலை இருந்தது.

அட்மின் பாஸ்வேர்டை "பாதுகாப்புக்காக" அவரே வைத்துக்கொண்டார். தன் இடத்திலிருந்து நுழைவதற்காக எங்கள் ரவுட்டரில் ஒரு போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவிட்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. இப்படி இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத்தான் 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மென்பொருள் பூட்டிவிட்டு, ஒவ்வொரு உரிமையாளரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. எங்களுக்கு அந்த ஆபத்து வரவில்லை, டிஸ்க் முந்திக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டி கத்த ஆரம்பித்தது. யாருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தவர் சாவகாசமாக மறுநாள் மாலை வந்து, பெட்டியைத் திறக்காமலேயே "கரண்ட் ஏற்ற இறக்கம்" என்றார். யுபிஎஸ் அவர் விற்றதுதான். பிறகு, பெங்களூரில் தனக்குத் தெரிந்த இடத்தில் டேட்டாவை மீட்டுத் தரலாம் என்று ஒரு தொகை சொன்னார். அது பெட்டியின் விலையைத் தாண்டியது.

நாங்கள் வேறொருவரை அழைத்தோம். அவர் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே பதிவாகும் ஓட்ட நேரத்தைப் பார்த்தார். ஒரு வருடம் இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி நேரம். எங்கள் பெட்டி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செத்துப்போன டிஸ்க்கின் பக்கத்தில் இருந்தது 20,000 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. புதியது என்று பில் போட்டு, எங்கோ ஓடிக் களைத்த டிஸ்க்கை மாட்டியிருக்கிறார். வரிசை எண்ணை டிஸ்க் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் வாரன்ட்டி எப்போதோ முடிந்திருந்தது. இதைக் காட்டிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கொட்டேஷனில் ரெய்டு என்று போட்டேன், ரெய்டு கொடுத்தேன். 16 என்று போட்டேன், 16 கொடுத்தேன்."

இழந்த கோப்புகளில், மெயிலில் கிடந்த இணைப்புகள், மெர்சண்டைசர்களின் லேப்டாப், பையர்கள் மனமிரங்கித் திருப்பி அனுப்பியவை என்று கொஞ்சம் சேர்ந்தது. எம்ப்ராய்டரி டிசைன்கள் சேரவில்லை. ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால் கணக்குப் பிரிவு இன்னும் காகிதங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது.

ஏற்கெனவே இப்படிப் பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள், பாஸ்வேர்டு கையில் இல்லாவிட்டாலும் ஒன்றைப் பார்க்கலாம். கணினியில் அந்த நெட்வொர்க் டிரைவின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். நான்கு 4 டெராபைட் டிஸ்க் ரெய்டு 5-இல் இருந்தால் விண்டோஸ் கணக்கில் 11-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். 14-க்கு மேல் காட்டினால் பாதுகாப்புக்கு எதுவும் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்; இன்றே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அவரை அழைப்பது அப்புறம்.

புதிதாக வாங்குபவர்கள் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். உங்கள் கோப்புகளை ஏற்றும் முன்பே, சோதனைக் கோப்புகளோடு, ஓடும் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை அவர் கையாலேயே உருவச் சொல்லுங்கள். ஃபோல்டர் தொடர்ந்து திறக்க வேண்டும். டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். பிறகு ஒரு கோப்பை அழித்துவிட்டு, வெளி டிஸ்க் பேக்கப்பிலிருந்து அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டாவதாக அமைத்துக் கொடுத்தவர் இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்தார். அட்மின் பாஸ்வேர்டை உறையில் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் பில்லை நீட்டினார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும்தான் விலக்கு. எங்களைப் போன்ற ஏற்றுமதி நிறுவனம் அந்தக் கதவைத் தட்டுவது கடினம் என்று வழக்கறிஞர் சொன்னதால், பழைய டிஸ்க்கைப் புதியது என்று விற்றதற்காகத் தனியாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ஓட்ட நேரம் தெரியும் திரைப் படங்களும் நான்கு டிஸ்க்குகளும் எங்கள் வசம் இருக்கின்றன. "பரிசோதித்துத் தருகிறேன்" என்று அவற்றை எடுத்துப் போக அவர் ஏற்கெனவே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார்.