நாயின் பின்பக்கத்தைப் பிதுக்கிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள்: பாளையங்கோட்டைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

எங்கள் பஞ்சுவுக்கு ஏழு வயது, எட்டுக் கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்தியன் ஸ்பிட்ஸ் சாதி என்று பிறகு தெரிந்தது. அது வேறு ஏமாற்று, இப்போது அதைச் சொல்ல வரவில்லை. நாய்க்கு முடி வெட்டி, தீனியும் விற்கிற ஒரு கடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. இப்படி நடக்கும் கடை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம் முடி வெட்டிக் குளிப்பாட்டக் கொண்டுபோனோம். கடைக்காரர் பஞ்சுவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "சோறு போட்டா முடி கொட்டத்தான் செய்யும் அண்ணாச்சி, இதப் போடுங்க" என்றார். பெரிய சாக்கிலிருந்து டப்பாவால் அள்ளி, வெறும் பாலித்தீன் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கிலோ 180 ரூபாய். வெளிநாட்டுச் சரக்காம், கவரோடு வாங்கினால் 600 ஆகுமாம். பையில் பெயர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டையே திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிற ஆள் நான். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

"நாளைலேர்ந்தே சோத்த நிறுத்திருங்க" என்பதும் அவர் சொன்னதுதான். நிறுத்தினோம். மூன்றாம் நாளே மலம் கூழாகிவிட்டது. போன் செய்தால், "புதுத் தீனில்லா, வயிறு பழகணும்" என்றார். ஒரு வாரம், இரண்டு வாரம், அது பழகவே இல்லை.

அப்புறம் பஞ்சு முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே கூடம் முழுக்க நகர ஆரம்பித்தது. வேடிக்கையாக இருந்தது, வீட்டுக்காரி வீடியோகூட எடுத்தாள். நான்கு நாள் கழித்து வாடை வந்தது. சாளை மீனை வெயிலில் மறந்துவைத்த வீச்சம். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "ஏல, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீனா வாங்குன?" என்று என்னைத் திட்டினாள்.

மறுபடி கடை. கடைப் பையன் கையுறை மாட்டி, வாலைத் தூக்கி, பஞ்சுத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் பிதுக்கினான். பழுப்பாகக் கொஞ்சம் வந்தது. கடைக்காரர் அந்தப் பஞ்சுத் துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியளா, எவ்வளவு தேங்கியிருக்கு! பதினஞ்சு நாளைக்கு ஒருக்க எடுத்துவிட்டாத்தான் சரியா இருக்கும்" என்றார். ஒரு தடவைக்கு 350. ஆறு தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் 1,800. கட்டினேன். பூச்சி மாத்திரையும் கொடுத்தார். அதே சாக்கிலிருந்து இன்னும் மூன்று கிலோ தீனியும் வாங்கிக்கொண்டு வந்தேன். யோசித்துப் பாருங்கள், வயிற்றைக் கெடுத்ததும் அவர்கள் சாக்கு, அதற்கு வைத்தியம் என்று காசு வாங்கியதும் அவர்கள் கை.

நான்காவது தடவை பிதுக்கியபோது பஞ்சு கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். இரண்டு நாளில் ஆசனவாயின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவு சிவந்து வீங்கியது. வாலைத் தொட்டாலே கடிக்க வந்தது. ஏழு வருடத்தில் எங்களைக் கடிக்க வந்த முதல் தடவை அது. கடைக்காரர் ஆண்டிபயாட்டிக் மாத்திரையை அட்டையில் பாதியாக வெட்டி நீட்டினார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. நல்லவேளை, நாங்கள் அதைப் பஞ்சுவுக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை மிதியடியில் இரத்தமும் சீழும். வீக்கம் தானாக உடைந்து, அந்த இடத்தில் ஒரு ஓட்டை.

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியை மூன்று மாதமாக வேறு யாரும் கேட்கவில்லை. "என்ன சாப்பாடு போடுதிய? மலம் எப்படிப் போகுது? எடுத்தா தரையில ஒட்டாம வருதா?"

ஒட்டாமல் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு விளக்கினார். நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடத்தில், சின்னதாக இரண்டு பைகள் உண்டு. ஆனல் கிளாண்ட் என்பது இவற்றைத்தான். ஒவ்வொரு நாய்க்கும் தனி வாடை கொடுப்பது அதில் ஊறும் திரவம். நாய்கள் சந்தித்தால் முதலில் பின்பக்கத்தை மோந்து பார்ப்பதும் அதற்காகத்தான். மலம் கெட்டியாக வெளியேறும்போது பைகளை அழுத்தும், திரவம் தானாகக் கொஞ்சம் வெளியேறிவிடும். மலம் கூழாகவே போனால் அழுத்தம் கிடைக்காது, திரவம் தேங்கிக் கெட்டியாகும், கிருமி சேர்ந்து சீழ்ப்பிடிக்கும். சின்ன சாதி நாய்களுக்கும் உடம்பு போட்ட நாய்களுக்கும் இது அதிகம். நிரம்பாத பையைத் தவணை வைத்துப் பிதுக்கினால் அதுவே புண்ணாகி வீங்கும். அங்கே போய்விட்டது எங்கள் கதை.

மயக்கம் கொடுத்துப் பையைக் கழுவினார்கள். ஆண்டிபயாட்டிக், வலி மருந்து, புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல். புனலோடு பஞ்சு கதவு நிலை ஒவ்வொன்றிலும் முட்டியது. காயம் ஆறப் பதினைந்து நாள் ஆனது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பழையபடி சோறும் வேகவைத்த கோழியும்தான், எலும்பு கிடையாது. வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். கூடவே உப்பில்லாமல் அவித்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு ஸ்பூன். கடைக்குப் போன நான் தடியங்காயை, அதாவது வெள்ளைப் பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நார்ச்சத்து மலத்துக்கு உருவம் கொடுக்குமாம். ராத்திரி ஊற்றிக்கொண்டிருந்த அரை டம்ளர் பாலையும் டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதிதான் ஆகும். இது எங்கள் வீட்டுத் தப்பு, கடைக்காரர் தலையில் போட முடியாது. வெறும் சோறும் கோழியும் மட்டும் ஆயுசுக்கும் போதாது, சுண்ணாம்புச்சத்து மாதிரி சில சேர வேண்டும் என்று அதற்கும் எழுதிக் கொடுத்தார். கடைத் தீனியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பெயரும் தேதியும் உள்ள மூட்டையாக வாங்கி, பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும் என்றார்.

தரையில் தேய்த்தால் பூச்சி என்று நம் ஊரில் உடனே முடிவு கட்டிவிடுவோம். நாடாப்புழு இருந்தால் வாலடியில் அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும், பார்த்தால் தெரியும். அது இல்லாமல் மீன் வாடையும், விடாமல் நக்குவதும் இருந்தால் டாக்டரிடம் போங்கள். வயதான நாய்க்கு அந்த இடத்தில் கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் கடையில் கொண்டுபோய்க் காட்டுகிற விஷயமே இல்லை இது. பிதுக்குவது சில நாய்களுக்குத் தேவைதான். ஆனால் தேவையா என்று பார்த்துச் செய்வது வேறு, ஆறு தடவைக்கு முன்பணம் வாங்குவது வேறு.

போன வாரம் மீதி ஒன்றரைக் கிலோ தீனியைத் திருப்பிக் கொடுத்து அதற்கான பணத்தையும், பிதுக்காத இரண்டு தடவைக்கான பணத்தையும் கேட்கக் கடைக்குப் போனேன். சாக்கைப் பார்க்கலாமா என்றேன். அது தீர்ந்துபோச்சாம், இப்போது வேறு சரக்காம். "எல்லா நாயும் திங்குது அண்ணாச்சி, உங்க நாய்க்குத்தான் ஒத்துக்கல" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப்போகிறேன் என்றதும் சிரித்தபடியே கை நீட்டினார்.

"பில் வச்சிருக்கியளா?"

மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் பில் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.