25ஆ, 28ஆ, 32ஆ? ரோட் பைக்குக்கு எந்த அகல டயர்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ரோட் பைக்கின் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மி.மீ. போடுங்கள். ஓட்டும் சாலை மோசம் என்றாலோ, உங்கள் எடை 85 கிலோவைத் தாண்டும் என்றாலோ யோசிக்காமல் 32. பழைய ஃபிரேமில் வேறு எதுவும் நுழையாதவர்களுக்கும், வழவழப்பான சாலையில் விநாடிக் கணக்குப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கும் மட்டும்தான் இன்றைக்கு 25. 23 இந்த ஒப்பீட்டிலேயே இல்லை, அதன் காலம் முடிந்துவிட்டது.

இதைச் சொன்னதும் பலர் கேட்பது, ஒல்லியான டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்தால்தானே வேகம் என்று. பல வருடங்களாக எல்லோரும் நம்பி வந்த விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

டயர் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, தாண்டியதும் பழைய வடிவத்துக்கு வருகிறது. ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் ரப்பரும் அதன் உள்ளே இருக்கும் துணி அடுக்கும் நீங்கள் மிதித்த சக்தியில் கொஞ்சத்தை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்று வைத்துக்கொண்டால், 25 ஆனாலும் 32 ஆனாலும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். வடிவம்தான் மாறும்: ஒல்லி டயரில் அது நீளமாக இருக்கும், அகல டயரில் குட்டையாகவும் பரந்தும் இருக்கும். நீளமாகத் தொடும்போது டயரின் பக்கச் சுவர் அதிகம் வளைய வேண்டியிருக்கிறது, இழப்பும் அதிகம். அதாவது ஒரே அழுத்தத்தில் ஜெயிப்பது அகல டயர்தான்.

ஆனால் இந்த வாதத்தை இங்கேயே நிறுத்துவது நியாயமில்லை, ஏனென்றால் 32ல் யாரும் 25க்கு அடிக்கும் அளவு காற்று அடிப்பதில்லை. டயரின் இறுக்கம் அழுத்தத்தையும் அகலத்தையும் சேர்த்துத்தான் வருகிறது. 25ல் 80 பிஎஸ்ஐ தருகிற அதே இறுக்கத்தை 32ல் 62, 63 பிஎஸ்ஐயிலேயே பெற்றுவிடலாம். அப்படிச் சமமான இறுக்கத்தில் வைத்து வழவழப்பான உருளையில் ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆய்வகத்தில் டிரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தெரிவது நிஜச் சாலையில். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு சிறு மேட்டிலும் இறுகிப்போன டயர் வளைந்துகொடுக்காமல் பைக்கையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வை உங்கள் உடம்பு வாங்கி அடக்குகிறது, அதற்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அதனால் காற்றழுத்தத்தைக் கூட்டக் கூட்ட உருளல் லேசாகிக்கொண்டே போகும் என்பது ஓர் எல்லை வரைக்கும்தான் உண்மை. அதைத் தாண்டினால் இழப்பு திரும்ப ஏறுகிறது, அதுவும் சட்டென்று ஏறுகிறது. சரியான அளவுக்குக் கொஞ்சம் குறைவாக வைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக வைப்பதில்தான் நஷ்டம் அதிகம். கைப்பிடியில் கிறுகிறுவென்று வரும் நடுக்கத்தைப் பலர் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வீணாகும் சக்தி.

சக்கரத்தில் சென்சார் வைத்து வேகம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25லிருந்து 32க்கு மாறும்போது சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 சதவீதம் கூடுகிறது. பழைய அளவையே மீட்டரில் விட்டுவைத்தால், நிஜத்தில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது அது 29.4 என்று காட்டும். அகல டயர் மெதுவாகப் போகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த எண்ணைத் திருத்திவிட்டுப் பாருங்கள்.

சரி, 25 எங்கே ஜெயிக்கிறது? காற்றைக் கிழிப்பதில். வேகம் மணிக்கு 35, 40 கி.மீ.யைத் தொடும்போது உங்களைத் தடுக்கும் சக்திகளில் பெரும்பங்கு காற்றுதான், அங்கே முன் டயரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்கு உண்டு. பெரிய நிபந்தனை ஒன்றும் இருக்கிறது: ரிம்மின் வெளி அகலம் டயரைவிடச் சற்று அதிகமாக, குத்துமதிப்பாக 105 சதவீதம், இருக்க வேண்டும் என்பது சக்கர வடிவமைப்பாளர்களின் பழைய விதி. வெளி அகலம் 30 மி.மீ.க்கு மேல் உள்ள இன்றைய ரிம்களில் 28 டயர் இந்த விதிக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். பழைய ஒல்லி ரிம்மில் அதே 28 பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும், அங்கே காற்றுக் கணக்கில் 25 நிச்சயம் மேல். உங்கள் சராசரி வேகம் 25 கி.மீ.யை ஒட்டியது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

எடை பற்றிப் பேசுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல டயர்களில் 25க்கும் 28க்கும் வித்தியாசம் ஒன்றுக்கு 20, 25 கிராம். ஜோடிக்கு 100 கிராம் கூடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பைக்கோடு சேர்த்து 83 கிலோ இருக்கும் ஒருவர் ஒரு மணி நேரம் மலை ஏறினால் இதனால் பிந்துவது சுமார் 4 விநாடி.

இப்போது எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடத்துக்கு வருகிறேன்: ரிம்மும் ஃபிரேமும். டயரில் 28 என்று போட்டிருப்பது உங்கள் சக்கரத்தில் 28 ஆக இருக்க வேண்டியதில்லை. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. விரிகிறது. 15 மி.மீ. உள் அகலம் கொண்ட பழைய ரிம்மில் 27ஐ ஒட்டி நிற்கும் டயர், 23 மி.மீ. ரிம்மில் 30ஐ எட்டிவிடும். ஆகவே அட்டையைப் படித்து முடிவெடுக்காதீர்கள். டயரை மாட்டி, காற்றடித்து, ஒரு நாள் விட்டு, காலிப்பரால் அளந்து பாருங்கள். அப்புறம் ஃபோர்க்கிலும் பின் ஃபிரேமிலும் டயரைச் சுற்றிக் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் வளையும், டயரில் சின்னக் கல் ஒட்டிக்கொண்டும் வரும். இடைவெளி இல்லையென்றால் கார்பன் ஃபிரேமை அது அறுத்துவிடும்.

ரிம் பிரேக் வைத்த பழைய பைக்குகளில் இடிப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் இல்லை, மேலே, பிரேக்கின் அடிப்பகுதியில். டிஸ்க் பிரேக் வந்த பிறகுதான் இந்த அடைப்பு நீங்கியது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2018ல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்தது, புதிய ஃபிரேம்கள் 30, 32க்கு இடம் விட்டு வரத் தொடங்கின, பந்தய வீரர்களும் 28க்கு நகர்ந்தார்கள். பிரான்ஸில் நடக்கும் பாரி-ரூபே பந்தயத்தின் கற்கள் பதித்த பாதையில் இப்போது 30, 32 டயர்கள் சாதாரணம்.

ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு உள்ளே இல்லாத ரிம்) வைத்திருந்தால் விளையாட்டே வேண்டாம். அங்கே அழுத்தத்தின் உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. கனமான ஒருவர் 25ல் இந்த வரம்புக்குள் ஓட்டினால் ரிம் தரையில் இடிக்கும், வரம்பை மீறினால் டயர் கழன்று பறக்கலாம். அந்த ரிம்முக்கு அனுமதித்த குறைந்தபட்ச டயர் அகலம் எவ்வளவு என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். ரிம் அகலமாக இருந்தால் சில நேரம் 28கூட அந்தப் பட்டியலில் இருக்காது.

காற்றழுத்தம்: 75 கிலோ எடை, டியூப் போட்ட டயர், சுமாரான தார்ச்சாலை என்றால் நான் சொல்லும் தொடக்க அளவு 25க்கு முன்னால் 80, பின்னால் 85. 28க்கு 68, 72. 32க்கு 54, 58. இதிலிருந்து இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். வளைவில் டயர் குழைவது போலத் தெரிந்தாலோ, குழியில் ரிம் இடித்தாலோ கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பஞ்சர் விஷயத்தில் அகல டயரின் லாபம் ஒரு வகையில் மட்டும்தான். குழியில் இடித்து டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழுமே, அது வெகுவாகக் குறையும். 28ல் இருக்கும் காற்றின் அளவு 25ஐவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம், 32ல் 60 சதவீதத்துக்கு மேல் அதிகம். முள்ளுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் அகலம் பொருட்டே இல்லை. ட்யூப்லெஸ்ஸில் மட்டும் அங்கேயும் வித்தியாசம் உண்டு: 90 பிஎஸ்ஐயில் உள்ளே ஊற்றியிருக்கும் பால் போன்ற சீலன்ட் திரவம் ஓட்டையை அடைப்பதற்குள் பீய்ச்சியடித்து வெளியே போய்விடும், 60ல் நின்று அடைக்கும்.

28க்கும் 32க்கும் நடுவே தடுமாறுபவர்களுக்கு, ஃபிரேம் அனுமதித்தால் முன்னால் 28, பின்னால் 32 (அல்லது 30) என்று கலந்து போடுவது நல்ல வழி. எடையில் பாதிக்கு மேல் தாங்குவது பின் சக்கரம், காற்றை முதலில் சந்திப்பது முன் சக்கரம்.

28 நுழையாத ஃபிரேம் வைத்திருப்பவர்கள் அதற்காகப் பைக்கையே மாற்ற வேண்டியதில்லை. அகலத்தைவிட டயரின் தரம்தான் வேகத்தை அதிகம் தீர்மானிக்கிறது. மெல்லிய, வளைந்துகொடுக்கும் துணி வைத்த டயருக்கும் தடித்த பஞ்சர் காப்பு டயருக்கும் இடையே ஒரு ஜோடிக்கு 10 வாட்டுக்கு மேலேயே வித்தியாசம் வரலாம், 25க்கும் 28க்கும் இடையே அவ்வளவு வராது. அதனால் நல்ல 25 ஒரு ஜோடி வாங்கி, உள்ளே லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) டியூப் போட்டு, இதுவரை அடித்துவந்த 100, 110 பிஎஸ்ஐயை மேலே சொன்ன அளவுக்கு இறக்குங்கள். லேடெக்ஸில் காற்று சீக்கிரம் இறங்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பம்பை எடுக்க வேண்டியிருக்கும்.