கண்ணாடித் தொட்டியா, மரப்பெட்டியா, மொட்டை மாடியா, தோட்டமா? சென்னையில் ஆமைக்கு ஏற்ற இடம்

ஆமை வளர்ப்பு பற்றிய வெளிநாட்டுக் கையேடுகளில் பாதிப் பக்கங்கள் குளிரை எப்படிச் சமாளிப்பது என்பதிலேயே போய்விடும். சென்னைக்காரருக்கு அவற்றில் பெரும்பகுதி தேவைப்படாது. இங்கே மார்கழி இரவில்கூட வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நம் ஊரில் ஆமைக்கு ஆபத்து வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: கத்திரி வெயிலில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொன்று. எனவே எந்த இருப்பிடத்தைப் பார்த்தாலும் நான் இரண்டையே கேட்பேன். மே மாத நண்பகலில் இதற்குள் நிழல் எங்கே? நவம்பர் இரவில் இதற்குள் காய்ந்த இடம் எங்கே?

அலசலுக்கு முன் ஒரு கண்டிப்பு. இந்திய நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அதை உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது. கடைக்காரர் ‘அதிர்ஷ்டம் தரும்’ என்பார். வனத்துறை வழக்குத்தான் தரும். இங்கே நான் பேசுவது சுல்கட்டா, செங்கால் ஆமை போன்ற அயல்நாட்டு நில ஆமைகளைப் பற்றி. அவற்றையும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பில் இல்லாத ஆமையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கண்ணாடித் தொட்டி

கொளத்தூரில் மீன் தொட்டி எளிதில் கிடைக்கிறது என்பதே பலர் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடுப்பு என்றே புரியாது, முட்டிக்கொண்டே இருக்கும். காற்றோட்டமும் இல்லை. கண்ணாடி புற ஊதா பி கதிரை மறித்துவிடுவதால், சன்னலோர வெயில் தொட்டியைச் சூடாக்குமே தவிர, எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய வைட்டமின் டி உருவாக உதவாது. தொட்டியை வெயிலிலேயே வைத்தால் சில நிமிடங்களில் அது அடுப்பு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இது மற்றவற்றை வெல்கிறது. நாள் முழுவதும் ஏசி ஓடும் வீட்டில், உள்ளங்கை அளவுக் குஞ்சுக்கு, ஈரப்பதத்தைத் தக்கவைக்க மூடிய தொட்டி உதவும். சுல்கட்டா குஞ்சுகளை வைத்து நடத்தி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஓடு கூம்பு கூம்பாக எழுவதற்குப் புரத உணவைவிட வறண்ட சூழலே பெரிய காரணம் என்று காட்டியது. சென்னைக் காற்றில் ஈரம் தாராளம். அதை ஏசி உறிஞ்சிவிடுகிறது. முதல் ஓராண்டுக்குத் தொட்டி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பால்கனி மரப்பெட்டி

அடுக்குமாடிக் குடியிருப்பில் என் ஓட்டு இதற்கே. மேலே திறந்த, பக்கங்கள் மறைத்த பலகைப் பெட்டி. உள்ளே நான்கு விரல்கடை உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூளும் மண்ணும். வெறும் மணல் கூடாது. உணவோடு விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். நார்த்தூள் நம் ஊரில் மலிவு. தண்ணீர் தெளித்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பால்கனி எந்தத் திசை என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கிழக்கு என்றால் இளவெயில் நேராகக் கிடைக்கும். புறாவுக்காகக் கட்டிய வலை காக்கையையும் தடுக்கும். மேற்கு என்றால் பிற்பகல் முழுவதும் சுவரே கொதிக்கும். அருகில் ஏசியின் வெளிப்பகுதி இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

வெயிலே வராத பால்கனிக்குப் புற ஊதா பி கதிர் தரும் விளக்கு வேண்டும். சிறிய சுருள் பல்புகளைவிட நீளக் குழல் விளக்கு நல்லது. கதிர் பெட்டி முழுவதும் பரவும். ஆனால் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும்போதே கதிரின் வலு குறைந்துவிடும் என்பதால் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். காலை வெயில் கிடைக்கும் வீட்டில் இந்தச் செலவே வீண்.

மொட்டை மாடி

இதைப் பரிந்துரைப்பவர்கள் மே மாதம் மதியம் ஒருமுறை செருப்பில்லாமல் மேலே போய் நிற்கட்டும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். தளத்தின் சூடு அதற்கும் மேலே. வழுவழுப்பான தரையில் மல்லாந்த ஆமை புரண்டு எழ முடியாமல் உச்சி வெயிலில் மாட்டினால் பிழைப்பது அரிது. சூரியன் மறைந்த பிறகும் தளம் நெடுநேரம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மண் கொட்டித் தோட்டமாக்கிவிடலாமே என்பார்கள். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி உயரம் ஈர மண் என்றால் ஏறக்குறைய ஐந்து டன். பொறியாளரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கூடவே நின்று வெயில் காட்ட மாடி அருமையான இடம். குடிவைக்க உதவாது.

தோட்டத்து அடைப்பு

மண்ணுள்ள தனி வீடு இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அருகம்புல் தானே முளைக்கும். செம்பருத்தி, சப்பாத்திக் கள்ளி நட்டால் நிழலும் ஆயிற்று, தீனியும் ஆயிற்று. கூடவே முருங்கைக்கீரை, கணவாய் ஓடு என்றால் சுண்ணாம்புச் சத்துக்குக் குறையில்லை. வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் விளக்கு, சூடேற்றி எதுவும் பகலில் வேண்டாம்.

சிக்கல் இரண்டு. முதலாவது பெருச்சாளி. இரவில் அசையாமல் கிடக்கும் ஆமையின் காலைக் கடித்துக் குதறிவிடும். நாய்க்கு வேலி போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரவுக் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரையும், சிறுகண் கம்பி வலையும், மூடும் கதவும் கட்டாயம்.

இரண்டாவது மழை. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த வேளச்சேரிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நில ஆமைக்கு நீச்சல் வராது. சுல்கட்டா ஆழமாக வளை தோண்டும். அந்த வளையில் நீர் ஏறினால் அதுவே புதைகுழி. கொட்டகையின் தரையைத் தெருவில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கும் மேலே எழுப்புங்கள். மழை நாட்களில் ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். வெதுவெதுப்பான ஈரம் கெடுதல் செய்யாது. எனவே அந்த வாரங்களில் இரவுப் பெட்டிக்குள் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஒரு செராமிக் ஹீட்டர் வையுங்கள். மின்வெட்டுக்குத் தெர்மக்கோல் சுற்றுவதானால் பெட்டிக்கு வெளியே சுற்றுங்கள். உள்ளே வைத்தால் தின்றுவிடும். மூக்கில் நீர் வடிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சுல்கட்டாவா, செங்கால் ஆமையா?

இடத்தைப் பார்த்த பிறகே ஆமையைப் பார்க்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சுல்கட்டா சகாராவின் தெற்கு ஓரத்து வறண்ட நிலத்துக்காரன். குஞ்சாக இருக்கும்போது சட்டைப் பைக்குள் அடங்கும். முழுவளர்ச்சியில் 40, 50 கிலோவைத் தாண்டவும் கூடும், சுவரை இடித்துப் பார்க்கும், நம் அடைமழையையும் விரும்பாது. செங்கால் ஆமை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காற்றில் ஈரம் அதற்குப் பழக்கம், பெரும்பாலும் ஒன்றேகால் அடிக்குள் நின்றுவிடும், வளையும் தோண்டாது. அடர்ந்த நிழல் மட்டும் வேண்டும். இலைதழையோடு கொஞ்சம் பழமும் தின்னும்.

பால்கனிக்குச் செங்கால் ஆமைதான் என்பது என் முடிவு. அதற்கும் வளர்ந்த பிறகு எட்டடிக்கு நாலடிப் பெட்டியாவது வேண்டும். சுல்கட்டா ஆசை உள்ளவர்கள் சொந்த மண்ணில் இருந்தால் வாங்கலாம். வாடகை வீடு என்றால், ஐம்பது கிலோ ஆமை பற்றி வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.