பொடித் தொழிலுக்கு இரண்டு பதிவுகள்: உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ சேவைகள் குறித்த மதிப்பீடு

பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கை மகள், படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தபின், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் தயாரித்து விற்கும் தொழிலைத் தன் பெயரிலேயே தொடங்கினாள். வறுப்பதும் அரைப்பதும் அவளுக்கும் என் தங்கைக்கும் கைவந்த வேலை. கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் என்பதால், "பதிவு வேலையெல்லாம் நீங்க பாத்துக்குங்க மாமா" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டாள். அதன் பொருட்டு நான் பயன்படுத்த நேர்ந்த இரண்டு அரசு இணையச் சேவைகளைப் பற்றியதே இம்மதிப்பீடு. ஒன்று, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு. மற்றொன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் உணவுத் தொழிலுக்காகச் செய்யும் பதிவு.

முதலில் உத்யம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை. தனிநபர் தொழிலாக இருந்தால் உரிமையாளரின் ஆதார் எண், அதனுடன் இணைந்த கைப்பேசி, பான் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கையில் இருந்தால் போதும். இதற்கு முன் 2015இல் வந்த உத்யோக் ஆதார் முறையும், அதற்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் இரண்டு கட்டமாக மனுக்கொடுக்கும் முறையும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இதன் எளிமை வியப்பளிக்கும். எங்களுக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தது. அதிலும் பாதி நேரம், ஆதாரில் உள்ள பெயரின் தலைப்பெழுத்தும் பான் அட்டையில் உள்ள பெயரும் வெவ்வேறாக இருந்ததைச் சரிபார்ப்பதில் போயிற்று. தொழில் தொடங்க எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு அட்டைகளிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது.

இச்சேவையின் பலவீனம் அதற்கு வெளியே இருக்கிறது. தேடுபொறியில் உத்யம் என்று தட்டினால், அரசுத் தளத்தைப் போலவே மூவண்ணம் தீட்டிக்கொண்ட தனியார் தளங்களும் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் என் தங்கை மகள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டாள். அடுத்த பத்தாவது நிமிடம் ஒருவர் அழைத்து, 'பதிவுக் கட்டணம்' ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார். அவள் பணம் கட்டுவதற்கு முன் என்னைக் கேட்டாள் என்பதால் தப்பினோம். முகவரி ஜிஓவி டாட் ஐஎன் என்று முடிகிறதா என்று பார்ப்பது ஒன்றே இதற்குக் காப்பு.

படிவத்தில் நிதானிக்க வேண்டிய இடம், தொழிலின் வகையைக் குறிக்கும் என்ஐசி (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீடு. புள்ளிவிவரம் எடுப்போருக்காக வகுக்கப்பட்ட பட்டியல் அது. அதில் இட்லிப் பொடி என்று தேடினால் கிடைக்காது. உணவுப் பொருள் உற்பத்திக்குரிய 10ஆம் பிரிவுக்குள் சென்று, அதில் 'பிற உணவுப் பொருட்கள்' என்னும் 1079ஆம் வகுப்பைப் பிடித்து, அதன் கீழ் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் சில்லறை வணிகம் என்று தேர்ந்துவிட்டால் இழப்பு உண்டு. வணிகர்களுக்கு 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு அனுமதிக்கப்பட்டிருந்தாலும், வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனோடு அது நின்றுவிடுகிறது. உற்பத்தியாளருக்கோ, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற பாதுகாப்பும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி கேட்கும் உரிமையும் கிடைக்கின்றன. நம் பொடியைக் கடனுக்கு வாங்கி வைக்கும் தெருமுனை அண்ணாச்சி மீது யாரும் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாளை ஒரு பெரிய அங்காடிக்குச் சரக்குப் போட்டால் அது உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்யம் சான்று என்பது தொழில் நடத்துவதற்கான உரிமம் ஆகாது. கியூஆர் குறியீட்டோடு அழகாக வருவதால், அதைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உணவுத் தொழிலுக்குக் கட்டாயமானது எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவுதான். நாங்கள் விண்ணப்பித்தபோது, ஆண்டு விற்றுமுதல் 12 லட்ச ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு உரிமம் தேவைப்படவில்லை. அடிப்படைப் பதிவு போதுமானதாக இருந்தது. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒரே தடவையில் கட்ட முடிந்தது. ஃபாஸ்காஸ் என்னும் அந்த ஆணையத்தின் தளத்தில் புகைப்படத்தையும் அடையாளச் சான்றையும் ஏற்றி, என்ன உணவு, எங்கே தயாரிப்பு என்பதைக் குறித்தோம். ஆறாம் நாள் 14 இலக்கப் பதிவு எண் வந்துவிட்டது. நூறு ரூபாய்க்குக் கிடைத்த சேவை என்ற அளவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பிரவுசிங் சென்டரில் இதற்கே இரண்டாயிரம் கேட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னபோது, அந்த நூறு ரூபாயின் அருமை கூடுதலாகத் தெரிந்தது.

தடுமாறியது லேபிளில்தான், அது எங்கள் தவறே. உற்சாக மிகுதியில், பதிவு எண் வருவதற்கு முன்பே ஆயிரம் அட்டை லேபிள்களை அச்சடித்துவிட்டோம். எண் வந்த பிறகு விதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால், எண்ணோடு சேர்த்து விடுபட்டவை பல. சேர்மானங்களை எடை அதிகமுள்ளது முதலாக இறங்குவரிசையில் எழுத வேண்டும். நாங்கள் பெருங்காயத்தை முதலில் போட்டுப் பெருமைப்பட்டிருந்தோம். சைவ உணவு என்பதற்கான பச்சைக் குறி, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, தொகுதி (பேட்ச்) எண், முழு முகவரி, புகாருக்கான தொடர்பு ஆகிய அனைத்தும் வேண்டும். இவை தவிர, பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளின்படி அதிகபட்ச விலையோடு அலகு விலையையும் அச்சிடுவது நடைமுறைக்கு வந்திருக்கிறது; 200 கிராம் பொட்டலம் 90 ரூபாய் என்றால், கிராமுக்கு 45 பைசா என்று அதில் இருக்க வேண்டும். பொட்டலமிட்டு விற்பவர் என்ற பதிவை 90 நாட்களுக்குள் தனியாகக் கோர வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவை. உணவுப் பதிவு முடிந்தவுடன் அடுத்துப் போக வேண்டிய இடம் இது என்று சொல்ல ஆளில்லாததால், இளைஞர்கள் பலர் இதில் வழுக்குகிறார்கள்.

ஜிஎஸ்டி குறித்துக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாநிலம் தாண்டிச் சரக்கை விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. பெங்களூரில் இருக்கும் தோழி பத்துப் பொட்டலம் கேட்டபோது, கூரியரில் போடுவதற்குக் கிளம்பியவளை நான்தான் நிறுத்தினேன். தோழி தீபாவளிக்கு ஊருக்கு வந்து கையோடு வாங்கிப் போனாள்.

கடன் விஷயத்தில் நாங்கள் அவசரப்படவில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்கள் ஏற்கப்படுகின்றன. பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 விழுக்காடும் கிராமப்புறத்தில் 35 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அம்மானியம் கைக்கு வரும் பணமாகாது; மூன்று ஆண்டுகள் வங்கியில் தனி வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழியும். இதைத் தெரிந்துகொண்ட அவள், முதல் ஆண்டைச் சேமிப்பிலேயே ஓட்டுவது என்று முடிவு செய்தாள். என் கணக்கில் அது சரியான முடிவு. எப்போது கடன் கேட்டாலும் வங்கியில் வரவு செலவுக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதால், தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கைத் தொடங்கி, கியூஆர் அட்டையை அதனோடு இணைத்து, அன்றாட விற்பனையை அன்றன்றே எழுதும் பழக்கத்தை மட்டும் அவளிடம் வற்புறுத்தி ஏற்படுத்தினேன்.

எழுதுவதற்குத் தாள் பஞ்சமில்லை. பயன்படாமற்போன அந்த ஆயிரம் லேபிள்களின் வெற்றுப்பக்கத்தில்தான், நாளுக்கு ஒன்றாக, பருப்பு விலையும் விற்ற பொட்டலக் கணக்கும் ஏறிக்கொண்டிருக்கின்றன.